கதவு இருந்த இடத்தில் ஓர் அலமாரி

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். கோபம் இன்னும் ஆறவில்லை. போன தடவை நான் வந்திருந்தபோது அப்பாவை ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். அதற்கு நீ, "பக்கத்துல இருந்து பாக்க வக்கில்ல, யோசனை மட்டும் மூட்டை மூட்டையா கொண்டு வந்துடுவா" என்றாய். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரி எனக்குக் கைக்குட்டை கொடுக்கும்படி ஆயிற்று.

சரி, அதை விடு. அப்பா மறுபடியும் வெளியே போனதைப் பற்றி நாலே வரி எழுதியிருக்கிறாய். காலில் செருப்பில்லை, பெரிய சாலையை அவர் பாட்டுக்குக் கடந்திருக்கிறார், லாரிக்காரன் பிரேக் போட்டதால் தப்பினார். தண்ணீர் நிலையத்து வாசலில் நின்று, "வால்வு திறக்கணும்யா, ஊரே குடத்தோட நிக்கும்" என்று காவலாளியிடம் மல்லுக்கு நின்றாராம். அவர் ஓய்வு பெற்ற வருஷம் அந்தக் காவலாளி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். அடுத்த தடவை லாரிக்காரனுக்குக் கண் சரியாக இருக்க வேண்டுமே என்று நினைத்து நினைத்து, இன்று வேலையில் பொட்டலத்துக்கு ஒரு திருகாணி குறைவாகப் போட்டேன். மேற்பார்வையாளர் கத்தினார்.

தொலைபேசி அடித்தால் நிலையத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், அதனால் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன், கைபேசியையும் பட்டறையிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்கிறாய். உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒரு அவசரம் என்றால் உன்னை யார் எப்படிப் பிடிப்பது?

பூட்டினால் கதவைப் போட்டு இடிக்கிறார் என்றதற்கு, கதவு கண்ணில் படாவிட்டால் போகிற நினைப்பும் வராது, கதவை மறைத்து ஏதாவது வையுங்கள் என்று மருத்துவர் சொன்னாராம். அதற்கு நீயே உன் கையால் ஒரு புத்தக அலமாரி செய்து மாட்டப் போகிறாயாம். அட சாமி! மீசை முளைக்கும் முன்பிருந்தே அலமாரி செய்கிறேன், செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். புத்தகம் எல்லாம் இன்னும் கட்டிலுக்கு அடியில் சாக்கில்தான் கிடக்கிறது. கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கு. நான் நாள் முழுக்கக் கட்டி அனுப்புவது அதைத்தானே. லேசாக இருக்கும். தேவைப்பட்டால் ஒற்றை ஆள் நகர்த்திவிடலாம்.

உன் அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

அலமாரி முடிந்துவிட்டது. நம்பாதே, ஆனால் முடிந்துவிட்டது.

ரெடிமேட் வாங்கு என்கிறாய். நான் பல் செட் செய்கிறவன் அக்கா. என்னிடம் வந்து ரெடிமேடின் பெருமையைப் பேசாதே. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் பல் வார்த்துக் கடையில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? சிரித்தால் விழும், சாப்பிட்டால் குத்தும். வாய்க்கு வாய் ஈறு வேறு, சுவருக்குச் சுவர் கோணல் வேறு. நீ அனுப்புகிற அந்த அட்டைப் பலகையை அப்பா ஒரு தடவை பிடித்து இழுத்தால் போதும், அவர் மேலேயே சாய்ந்துவிடும். அப்புறம் லாரிக்காரனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

நம் வீட்டு அமைப்பு உனக்கு மறந்திருக்காது. வெளிக்கதவு, செருப்பு விடும் நடை, அதைத் தாண்டிக் கதவில்லாத வெறும் நிலை, அப்புறம் கூடம். அந்த நிலையில்தான் அலமாரியைக் கீல் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். கெட்டிப் பலகை, ஐந்து தட்டு. கூடத்தில் இருந்து பார்த்தால் முழுச் சுவர் மாதிரி இருக்கும். தடித்த அகராதிக்குப் பின்னால் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்தால் மொத்தமும் கூடத்துப் பக்கம் திறக்கும், வெளியே இருந்து வந்தால் பின்பக்கத்துப் பிடியைத் தூக்கித் தள்ள வேண்டும். அடியில் தரையோடு ஒரு விரல் இடம் தவிர, நிலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட விடவில்லை. பல்லுக்கு உரசிப் பார்க்கிற மாதிரி உப்புத்தாளால் உரசி உரசிப் பொருத்தினேன். சாக்கில் இருந்த புத்தகம் எல்லாம் ஏறிவிட்டது. என்ன கனம் என்கிறாய்!

முதல் நாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "வழி இங்கதானேடா இருந்துச்சு?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ரொம்ப நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு நான் பட்டறையில் நிம்மதியாக வேலை பார்த்தேன் தெரியுமா? பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அந்த அம்மாவுக்கும் தாழ்ப்பாளைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வக்கில்லாதவள் என்று சொன்னது தப்புதான். யோசனை மூட்டை என்றது சரிதான்.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

பாதி மன்னிப்புக்குப் பாதி நன்றி.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அப்பா சாலைக்குப் போகவில்லை, அது போதும் என்று தோன்றியது. சாப்பிடும்போது மறுபடியும் எடுத்துப் படித்தேன். அவர் சட்டையை மடித்து வைத்தார் என்கிற இடத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அந்த மனிதர் ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டு நாம் பார்த்திருக்கிறோமா? காய்ச்சலோடு போய் வால்வு திறந்துவிட்டு வந்து படுப்பவர்.

நான் குறை சொல்லவில்லை. பக்கத்தில் இல்லாதவளுக்கு அந்த உரிமை இல்லை, சரி. ஆனால் கேள்வி கேட்கலாம் அல்லவா? அந்த அம்மா சமையலறையில் இருக்கும்போது அடுப்பில் ஏதாவது பற்றிக்கொண்டால், பதற்றத்தில் அகராதி எது, தாழ்ப்பாள் எது என்று தேடிக்கொண்டிருப்பாரா? உங்கள் மூன்றாம் மாடிக்கு வேறு வாசல் கிடையாது. அந்த அம்மா தொட்டால் திறக்கிறதா, இல்லை உன் கை பட்டால்தான் திறக்கிறதா? மழை வரப்போகிற மாசம் இது. மயிரிழை விடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். மரம் மழைக்கு ஊதும், உனக்குத் தெரியாததா? எங்கள் தொழிற்சாலையில் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டுத்தான் துளை போடுவார்கள். நான் கூட அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டில் உள்ள ரெடிமேட் அலமாரி ஆடும். நானே மாட்டினேன், ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, அது எங்கே போக வேண்டியது என்று இன்றுவரை தெரியவில்லை. நீ சிரிக்கலாம். ஆனால் ஆடுகிற சாமான் நகரும். நகர்கிற சாமானால் ஆபத்து கம்மி.

ஒரு துணித் திரை போட்டால் போதாதா? யோசி. நான் சொன்னேன் என்பதற்காக மறுத்துவிடாதே.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

நீ கண்ணு வைத்துவிட்டாய். பார்த்துக்கொள்ள வந்த அம்மா நின்றுவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது உண்மைதான். பலகை கொஞ்சம் இறுகியிருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் அந்த அம்மா சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தாழ்ப்பாளைத் தூக்கியிருக்கிறார், அலமாரி வரவில்லை. நான் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் நடையிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தபோது முகமெல்லாம் வெளுத்திருந்தது. "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. எலிப்பொறிக்குள்ள சம்பளத்துக்கு உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். புது ஆள் தேடுகிறேன். ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அவருடைய நாளை இன்னும் வரவில்லை.

பட்டறையைப் பாதி நாளாகக் குறைத்துவிட்டேன். அந்தப் பாதி நாள் அப்பா தனியாகத்தான் இருக்கிறார். பயப்படாதே. எங்கும் போகமாட்டார். அதுதானே நமக்கு வேண்டும்?

கூடத்து ஜன்னலில் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். "என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க, வால்வு திறக்கணும்" என்று. தெருவில் கூட்டம் நின்று மேலே பார்க்கிறது, கீழ்வீட்டுத் தையல்காரர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோனார். அதனால் மிச்சமிருந்த பலகையில் அந்த ஜன்னலுக்கும் ஒரு அலமாரி அடித்துவிட்டேன். கொஞ்சம் இருட்டுதான், பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. சமையலறை ஜன்னல் திறந்தே இருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை. அதற்குக் கம்பி உண்டு.

இப்போது அப்பா சட்டை மாட்டுவதில்லை. வழி எங்கே என்றும் கேட்பதில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார். அலமாரியை அவ்வளவு பிடித்துவிட்டது. நேற்று நான் உள்ளே வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ எந்தப் பக்கமா வந்த?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

தம்பி

ஜூலை 6

டேய்,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஜன்னலையும் அடைத்தாயா? அது அலமாரி இல்லையடா. அதற்கு வேறு பேர் இருக்கிறது, எழுதக் கை வரவில்லை.

அப்பா அமைதியாக இருக்கிறார் என்று எழுதுகிறாய். அவர் அமைதியாக இல்லை. அணைந்துகொண்டிருக்கிறார். இங்கே எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவரை இப்படித்தான் சத்தமில்லாமல் ஆக்கினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். அவரைப் பத்திரமாக வைக்க நீ படும் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன். இல்லத்தில் விடலாம் என்று நான் சொன்னதற்குக் காரணமே அதுதான், அவரை ஒதுக்குவதற்காக இல்லை. உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். இப்போது எனக்கு அப்பாவை நினைத்து இருக்கும் பயத்தைவிட உன்னை நினைத்து இருக்கும் பயம் அதிகம். உன் எழுத்து மாறிவிட்டது. முன்பெல்லாம் வரிக்கு வரி என்னைக் குத்துவாய். இந்தத் தடவை குத்தவே இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அகராதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலமாரியைக் கீலோடு கழற்று. செதுக்கிச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஆரம்பிக்காதே. கழற்று. வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவை, இடித்தால் இடிக்கட்டும், அது போதும். உன் வேலை நல்ல வேலைதான், ஒத்துக்கொள்கிறேன், ரெடிமேட் அதன் கால்தூசிக்குக் காணாது. போதுமா? ஜெயித்துவிட்டாய். இப்போது கழற்று.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்த உடனே வருகிறேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்துக்கொள்.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாலைந்து நாளாக நல்ல சுரம். மழையில் நனைந்தது ஒத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதம் வந்தது. தையல்காரர்தான் கூடையில் வைத்து அனுப்பினார். சமையலறை ஜன்னலில் இருந்து கயிறு விடுகிறேன், ரொட்டியும் மாத்திரையும் வருகிறது. இந்தக் கடிதமும் அப்படித்தான் இறங்கும். ராஜபோகம்தான் போ.

கழற்றத்தான் நினைத்தேன் அக்கா. சத்தியமாக. ஆனால் கீலின் திருகாணி எல்லாம் அலமாரி திறந்தால்தான் கைக்கு வரும் இடத்தில் இருக்கிறது. நான் வைத்ததுதான். அலமாரி இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. சுரம் இல்லாதபோது நிலையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தால் வந்துகொண்டிருந்தது. முந்தாநாள் இழுத்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. புத்தகத்தை இறக்கினால் கனம் குறையும் என்று இறக்கி இறக்கி வைத்தேன். நான் கொஞ்சம் படுத்து எழுந்து பார்த்தால் அப்பா எல்லாவற்றையும் துடைத்துப் பழையபடி அடுக்கிவிட்டார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தையல்காரரிடம் வெளிக்கதவுச் சாவி இருக்கிறது. ஆளைக் கூட்டி வந்து நடையிலிருந்து உடைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். வீம்பு என்று நினைக்காதே. உடைத்தால் வழி தெரிந்துவிடும். தெரிந்தால் அவர் போய்விடுவார். இந்த உடம்போடு நான் பின்னால் ஓட முடியுமா? லாரியின் முன்னால் அவரை யார் பிடிப்பது? இரண்டு நாள் வெயில் அடித்தால் பலகை தானாகத் தளரும். அதற்குள் சுரமும் விடும். அப்புறம் நானே கழற்றி வைக்கிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். உண்மையைச் சொன்னால் இப்போது அவர்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறார். நெற்றியில் ஈரத்துணி போடுகிறார், போர்த்திவிடுகிறார். நான் எழுந்தால் திட்டுகிறார். விளக்கையும் அணைத்துவிடுகிறார், கண் கூசுமாம். இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் எந்தப் பக்கம் எந்தச் சுவர் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டு நின்றேன். கை வைத்த இடமெல்லாம் புத்தகம். அவ்வளவு சுத்தமாகப் பொருத்தியிருக்கிறேன் பார்.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

தம்பி

ஜூலை 24

கண்ணா,

நான் வந்துவிட்டேன். நடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். உனக்கும் எனக்கும் நடுவில் உன் அலமாரிதான் இருக்கிறது.

சத்தம் போட்டுக் கூப்பிட முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் குரல் உயர்த்தினாலோ தள்ளினாலோ அப்பா அந்தப் பக்கம் வந்து முட்டுக் கொடுத்துக்கொள்கிறார். அவருக்கு இன்னும் அவ்வளவு பலம் இருக்கிறது. தையல்காரர் தச்சரைக் கூட்டி வரப் போயிருக்கிறார். வந்ததும் உடைக்கச் சொல்லிவிட்டேன், நீ என்ன திட்டினாலும் சரி. கூடை இறங்கினபோதெல்லாம் ஜன்னலில் அப்பாதான் நின்றாராம். பையன் தூங்குகிறான் என்றாராம். நேற்று, "ஒருத்தருக்கு அனுப்புனா போதும்" என்றாராம். தையல்காரர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. உடைக்காதே என்று நீ சொன்னாய், அவர் உடைக்கவில்லை.

முதலில் நான் மெதுவாகத்தான் தட்டினேன். உள்ளேயிருந்து அப்பா, யார் என்று கேட்டார். பெரியவள் வந்திருக்கிறேன், கதவைத் திறங்கள் என்றேன்.

"கதவா? இங்க கதவெல்லாம் கிடையாதும்மா. சுவரு முழுக்கப் புஸ்தகம்தான். நீ வேற வீட்டைத் தட்டுற."

எத்தனை பொறுமையாகச் சொன்னார் தெரியுமா? வழி தவறி வந்தவளுக்குச் சொல்வது மாதிரி. தம்பி எங்கே அப்பா என்று கேட்டேன்.

"படுத்திருக்கான். கதவு எங்க, கதவு எங்கன்னு சுவரெல்லாம் தடவிக்கிட்டே இருந்தான், பாவம். அப்படி ஒண்ணு இல்லவே இல்லடான்னு சொல்லிப் படுக்க வச்சேன். அப்புறம்தான் அடங்குனான்."

சுரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதெல்லாம் விட்டுடுச்சு. உடம்பு சில்லுன்னு இருக்கு. சத்தம் போடாத, அசந்து தூங்குறான்."

தம்பி, நான் கோபமாக இல்லை. ரெடிமேட், கைவேலை எல்லாம் பேச வரவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறது, தச்சராகத்தான் இருக்கும். அலமாரிக்கு அடியில் தரையோடு ஒரு விரல் இடம் இருக்கிறது. அது வழியாக இந்தத் தாளை உள்ளே விடுகிறேன். நீ படிக்க வேண்டாம். பதில் எழுத வேண்டாம். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாய் என்றால் விரலால் லேசாக இழு. ஒரு நூல் அளவு நகர்ந்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்து முனையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா